ஈப்பர் நகரில் ஒலிக்கும் ஊதுகொம்பு

மாண்டவரை மறவாதிருக்கும் முறை மக்களுக்கு மக்கள் வேறுபடும். கல் நாட்டுவோர் உளர், விளக்கேற்றுவோர் உளர், கபுரருகே நின்று ஃபாத்திஹா ஓதித் துஆச் செய்வோர் நாம். பெல்ஜியம் நாட்டின் மேற்கு மூலையில் ஈப்பர் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கு நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு, மெனின் வாயில் எனப்படும் பெருவளைவின்கீழ் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. ஊர்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்த சிலர் சீருடையணிந்து சாலை நடுவே வந்து நிற்கின்றனர். பியூகிள் எனப்படும் ஊதுகொம்பை உயர்த்தி ஊதுகின்றனர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்நிகழ்ச்சி 1928-ஆம் ஆண்டில் தொடங்கியது. இதில் நம் சமுதாயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

பியூகிளை இசைக் கருவி என்பதைவிட ஆணைக் கருவி என்பதே பொருந்தும். வளைந்த உலோகக் குழாய் அது; விரல் வைத்து மாற்றத் துளையில்லை, விசையில்லை. ஊதுபவரின் உதடும் மூச்சுமே சில சுரங்களைப் பிறப்பிக்கின்றன. அச்சில சுரங்களைக் கொண்டே எழுக, உண்க, அணிவகுக்க, உறங்குக என்று பாளையம் முழுவதற்கும் ஆணை பிறந்தது. அவற்றுள் 'லாஸ்ட் போஸ்ட்' என்பது, இரவில் காவல் நிலைகளைச் சுற்றிவரும் அதிகாரி கடைசி நிலையையும் பார்த்து முடித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாகப் பிரிட்டிஷ் படையில் ஊதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீரர்களின் அடக்கத்தின்போதும் அதை ஊதும் வழக்கம் வந்தது. பகற்பணி முடிந்தவன் உறங்கலாம் என்ற அறிவிப்பு, வாழ்நாட் பணி முடிந்தவனுக்கும் உரியதாயிற்று.

முதல் உலகப் போரின் நான்காண்டுகளிலும் ஈப்பரைச் சுற்றி ஓயாத போர் நடந்தது. நகரம் முற்றிலும் இடிந்து தரைமட்டமாயிற்று. போர்முனைக்குச் சென்ற படைகள் நகரின் கிழக்கு வழியே அணிவகுத்துச் சென்றன; சென்றவருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவ்வழியில் எழுப்பப்பட்ட நினைவு வாயில் 1927 ஜூலை 24-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. கல்லறை இன்னதென்று அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. மறு ஆண்டில் நகரக் காவல்துறைத் தலைவர், தம் ஊரைக் காக்க வந்து மாண்ட அயலாருக்கு ஊரார் செய்யும் நன்றியாக நாள்தோறும் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதலாமென்று முன்மொழிந்தார். ஊதத் தெரிந்தவர்கள் ஊரில் ஆயத்தமாகவே இருந்தனர். தீ மூண்டால் மக்களை எழுப்ப ஊதுகொம்பு ஏந்திய தீயணைப்புப் படையினரே அவர்கள்.

இது கூலிக்குச் செய்யும் வேலையன்று. பகலில் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு வாயிலில் வந்து நிற்கும் தொண்டு. ஆந்துவான் வெர்ஷூட் என்பவர் 1954-இல் இப்பணியில் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஊதினார். மழையென்றும் பனியென்றும் பாராமல், கேட்பவர் ஆயிரம் பேரா, ஒருவருமில்லையா என்றும் பாராமல் இது நடந்துவருகிறது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நகரைக் கைப்பற்றியபோது அங்கே ஊதுவது நின்றது. அவ்வாண்டுகளில் இங்கிலாந்தில் ப்ரூக்வுட் என்னுமிடத்திலுள்ள படைவீரர் அடக்கத்தலத்தில் அந்நிகழ்ச்சி தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6-ஆம் நாள் போலந்துப் படையினர் ஈப்பரை மீட்டனர். நகரின் ஒரு பகுதியில் துப்பாக்கிச் சத்தம் ஓயுமுன்பே, அன்று மாலையே மெனின் வாயிலில் மீண்டும் பியூகிள் ஒலித்தது. 2015 ஜூலை 9-ஆம் நாள் அது 30,000-ஆவது முறையாக ஊதப்பட்டது.

அந்தச் சுவரில் நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள் பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்தவை. இந்து, சீக்கியப் பெயர்களோடு கான்களும் அலிகளும் முஹம்மதுகளும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றனர். 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலிறங்கிய இந்தியப் படை, அடுத்த மாதமே ஈப்பர் முனையில் நின்றது. அக்டோபர் 31-இல் ஹோலபேக் என்ற ஊரருகே, 129-ஆம் பலூச்சிப் படையைச் சேர்ந்த சிப்பாய் குதாதாத் கான், உடனிருந்த இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் வீழ்ந்தபின்னும் காயத்தோடு சுட்டுக்கொண்டிருந்தார். இறந்துவிட்டாரெனப் பகைவர் விட்டுச்செல்ல, இரவில் தவழ்ந்து தம் படையைச் சேர்ந்தார். விக்டோரியா சிலுவை விருது பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. அவர் 1971 வரை வாழ்ந்தார். அவருடைய தோழர்கள் அம்மண்ணிலேயே தங்கிவிட்டனர்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. இவர்கள் யாருக்காக மடிந்தனர்? தம் நாட்டை ஆண்ட அந்நியருக்காக அல்லவா? குதாதாத் கான் போரிட்ட இரு வாரங்களில், 1914 நவம்பர் 14-ஆம் நாள், உதுமானிய கலீஃபாவின் பெயரால் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் வெளியாயிற்று. அது முஸ்லிம் சிப்பாய்களின் உள்ளத்தை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதற்கு ஒரு குடும்பமே சான்று. ஜமேதார் மீர் தஸ்த், 1915 ஏப்ரல் 26-ஆம் நாள் நச்சுப்புகை சூழ்ந்த ஈப்பர் களத்தில், எட்டு அதிகாரிகளைத் தூக்கி வந்து காப்பாற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். அவருடைய சகோதரர் மீர் மஸ்த், அதற்கு முந்தைய மாதத்தில்தான் தம் ஆட்கள் சிலருடன் இரவோடிரவாக ஜெர்மானியர் பக்கம் சென்றிருந்தார். ஒரே வீட்டில் இரு வேறு முடிவுகள்! யார் சரி, யார் தவறு என்று இன்று நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவது எளிது. வறுமையும் குலவழக்கமும் உப்பிட்டவர்க்கு உண்மையாயிருத்தல் என்ற எண்ணமும் அவர்களைப் படைக்கு இழுத்தன. பேரரசைப் போற்றுவது வேறு. அதன் போரில் மாண்ட ஏழைத் தாயின் மகனை நினைப்பது வேறு.

இன்னொரு வினாவும் உண்டு. மையித்தை அடக்குவதில் கொம்பும் குழலும் நம் மார்க்கத்தில் இல்லை. தொழுகைக்கு அழைக்க வழி தேடியபோதும், கொம்பூதலாம் என்ற கருத்து மதீனாவில் ஆராயப்பட்டு விலக்கப்பட்டது. மனிதக் குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாறிருக்க, ஈப்பரின் கொம்பு நம்மவர்க்கு எதற்கு? அதை வணக்கமாகக் கொள்ள வேண்டியதில்லை. அண்டை மக்கள் காட்டும் கண்ணியமாகக் கொண்டால் போதும். பெருமானார் (ஸல்) அவர்கள், தம்மைக் கடந்துசென்ற ஒரு ஜனாஸாவுக்காக எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்று வினவினார்கள். வேற்றுச் சமயத்தவரின் மரணத்துக்காக எழுந்து நிற்கும் பண்பை நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். ஈப்பரின் தீயணைப்புப் படையினர் நம்மவருக்காக எழுந்து நிற்கும்போது, அப்பண்பின் சாயலை அங்கே காண்கிறோம்.

போர்க்காலத்தில் பியூகிள் தஞ்சம் புகுந்த ப்ரூக்வுட்டிலும் நம்மவர் உறங்குகின்றனர். மேற்கு முனையில் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் இறந்த முஸ்லிம் சிப்பாய்களுக்காக, வோக்கிங் நகர ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே ஓர் அடக்கத்தலம் 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அது சீர்கேடுற்றதால், 1968-இல் அவர்களின் உடல்கள் ப்ரூக்வுட்டுக்கு மாற்றப்பட்டன.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படுவதே என்பது நபிமொழி. மெனின் வாயிலின் கற்களும் ஒருநாள் தேயும். அச்சுவரின் பெயர்கள் இன்றளவும் வெறும் எழுத்தாகிவிடாமல் காப்பது, நாள்தோறும் வந்து நிற்கும் சில மனிதரின் மூச்சு. நம் மையவாடிகளில் புல் மண்டிக் கிடக்கும் கபுருகள் எத்தனை! பெயர் மறந்துபோன மூதாதையர் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் கொம்பூத வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் சென்று ஸலாம் கூறி ஒரு துஆச் செய்தால், அந்த மையவாடிகளும் மறதிக்கு இடமாகா. அயலார் நம்மவர்க்குச் செய்வதில் ஒரு பங்கையேனும் நம்மவர்க்கு நாம் செய்வோமாக.