அடைமழை: சென்னையும் அதன் ஏரிகளும்

அடைமழை என்பது விடாமல், நாள்கணக்கில் பெய்யும் மழை. இடி மின்னலோடு அரைமணி நேரம் கொட்டிவிட்டு ஓயும் கோடை மழை வேறு வகை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு அடைமழைதான் இயல்பு. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று ஊரில் சொல்வது இதனால்தான். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில் விழுந்துவிடுகிறது. சென்னை வட்டாரத்தில் அந்த மழை எப்படி வெள்ளமாகிறது, மக்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மழைக் கணக்கு

வானிலை ஆய்வு மையத்தின் வழக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் ஏறக்குறைய இந்த வரிசையில் வருகின்றன. ஒரு நாள் கணக்கு காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும். முதல் தேதி ராத்திரி பெய்த பேய்மழை ஆவணத்தில் இரண்டாம் தேதி மழையாகப் பதிவாவது இப்படித்தான்.

செ.மீ. என்பது காதுக்குச் சின்ன அளவாகக் கேட்கும். சென்னைக்காரருக்குப் பழக்கமான கிரவுண்டு கணக்கில் பார்த்தால் அதன் எடை தெரியும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன்மேல் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அதாவது ஒவ்வொரு கிரவுண்டிலும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர். நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், இதே ஊர் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் வரிசை கட்டி நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் வெள்ளம் வருமா வராதா என்பதை இந்த எண் மட்டும் சொல்லாது. வெயில் காய்ந்த நிலத்தில் 15 செ.மீ. பெய்தாலும் மண் கொஞ்சம் குடிக்கும், ஏரி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரண்டு வாரம் ஊறிய நிலத்தில், ஏரியெல்லாம் தளும்பி நிற்கும்போது, அதே 15 செ.மீ. வீட்டுக்குள் வந்துவிடும்.

ஏரி வழி

பழைய செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் கணக்கில் உள்ளன. இவை தனித்தனிக் குளங்களாக வெட்டப்பட்டவை அல்ல. நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கி, மிக லேசாகச் சரிகிறது. மேல் ஏரி நிரம்பினால் அதன் உபரி கலங்கல் வழியாக வழிந்து, போக்குக்காலில் ஓடி, கீழ் ஏரிக்கு வரத்தாகும். ஒரு ஏரியின் போக்குக்கால்தான் அடுத்த ஏரியின் வரத்துக்கால். ஏரி நிரம்பி வழிவதை வட மாவட்டங்களில் ‘கோடி போகிறது’ என்பார்கள். நெல்லைப் பக்கம் ‘மறுகால் பாய்கிறது’. அன்றைக்குக் கலங்கலில் பூப்போட்டு, சில ஊர்களில் கிடாவும் வெட்டிக் கும்பிடுவது வழக்கம்.

வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகின் வேலை, வேண்டாத தண்ணீரை விடுவது கலங்கலின் வேலை. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஊர்தோறும் ஆள் இருந்தார். நீர்க்கட்டி, மடையர், கம்புகட்டி என்று இடத்துக்கு ஒரு பெயர். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்ற தனிக் குழுவையே குறிப்பிடுகிறது.

கரை உடைவது ஒரே நொடியில் நடப்பதில்லை. முதலில் வெளிச்சரிவில் எங்காவது ஈரம் கசியும். பெரும்பாலும் நண்டு வளை, எலி வளை, அல்லது பட்டுப்போன மரத்தின் வேர் இருந்த ஓட்டை. கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் விடிகிற வரை பொறுக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்; உடனே மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் வந்தாக வேண்டும். மழை ராத்திரிகளில் ஊர்க்காரர்கள் லாந்தரும் டார்ச்சுமாகக் கரையில் நடந்தது இந்த நிற மாற்றத்தைப் பார்க்கத்தான். மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ என்றே கோயில் உண்டு. 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், உடையப்போன கரையில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டார் என்பது அந்த ஊர் சொல்லும் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு மழை ராத்திரியில் கலெக்டரே கரைக்குப் போனார் என்பதைக் கதை மறக்காமல் வைத்திருக்கிறது, அது முக்கியம்.

நகரம் வளர்ந்தபோது இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. தியாகராய நகர் 1920களில் பழைய நீள ஏரியின் படுகையில் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் முன்பு ஏரிதான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க லேக் இல்லை. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்ற பெயர்களில் உள்ள தாங்கல் என்பது சிறிய ஏரி. தெற்கே, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியதற்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. வரத்துக்கால் இருந்த இடத்தில் தெரு இருந்தால் தெரு வழியாகவே போகிறது.

கடைசித் தடங்கல் கடலோரத்தில். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு மூன்றின் முகத்துவாரத்திலும் மணல் திட்டு சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறியிருந்தால் ஆற்றுத் தண்ணீர் வெளியேற முடியாமல் எதிர்த்து நிற்கும். மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியாததற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

2015 டிசம்பர்

அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 104.9 செ.மீ. பெய்தது, 1918 நவம்பரின் 108.8 செ.மீ.க்குப் பிறகு அதுவே அதிகம். மாத முடிவில் எல்லா ஏரியும் நிறைந்து நின்றது. அதன்மேல் டிசம்பர் 1ஆம் தேதி மழை விழுந்தது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. காலையில் சொற்பமாக இருந்த உபரிநீர்த் திறப்பு படிப்படியாக ஏறி வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. லிட்டரில் சொன்னால், வினாடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போகும் இந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். அதற்கு முன்பே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் வெள்ளத்தால் அடையாறு நிறைந்திருந்தது. எல்லாம் செம்பரம்பாக்கத்தால் வந்தது என்று பேசுவது இந்தப் பாதியை மறந்த பேச்சு. அதே சமயம், ஏரியைக் கையாண்ட விதத்தில் குற்றமே இல்லை என்பதும் எடுபடாது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே சொன்னது.

நள்ளிரவுக்குள் மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளில் தரைத்தளம் முழுகியது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தை வெள்ளம் தொட்டுப் போக்குவரத்து நின்றது. விமான நிலையம் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு முதன்முறையாக மழையால் அச்சாகாமல் போனது. மின்சாரம் நின்றதும் கைபேசிக் கோபுரங்களும் அடங்கின. பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது. அந்தப் பருவமழையில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

முதலில் வந்த படகுகளில் பல மீனவர்களுடையவை. கடலில் ஓட்டும் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருவில் இறக்கினார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் அடுப்பு எரிந்தது. இதே மனநிலையை 2023 டிசம்பரில் தென்மாவட்ட வெள்ளத்திலும் பார்க்க முடிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த அந்த மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுற்றிலும் தண்ணீரோடு நிலையத்தில் சிக்கிய பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள்.

வீட்டில் செய்வது

2015க்குப் பின் சென்னைப் புறநகர்வாசிகளிடம் ஒரு புதிய பழக்கம் வந்தது: சாயங்காலச் செய்தியில் மழை அளவுக்கு முன்னால் ஏரி மட்டத்தைப் பார்ப்பது. செம்பரம்பாக்கம் 21, 22 அடியைத் தொடும்போதே உபரிநீர் திறப்பதும், கரையோர ஊர்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை விடுப்பதும் இப்போது நடைமுறை. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிவாசிகள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சிலர் கேலி செய்தார்கள். ஒரு முறை முழுகிய எஞ்சினுக்குச் செலவழித்தவர் கேலி செய்யமாட்டார்.

தண்ணீர் தெருவில் ஏறும்போது வீட்டுக்குள் முதலில் நுழைவது வாசல் வழியாக என்று நினைப்போம். பல வீடுகளில் அது கழிவறை வழியாக வருகிறது. வெளிச் சாக்கடை நிறைந்ததும் குழாயில் எதிர்த்து ஏறும். கோணியில் மணல் கட்டிக் கழிவறைத் துளையையும் குளியலறை வடிகாலையும் அடைப்பது வாசலில் மூட்டை அடுக்குவதைவிட அவசரமான வேலை. அடுத்து மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும், தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடும் முன்பே. சம்ப் மூடிக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஆகவே குடிநீரை முதல் நாளே குடத்திலும் பாத்திரத்திலும் பிடித்துப் பரணிலோ மாடியிலோ வைத்துவிட வேண்டும். பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் அதனோடேயே போகட்டும். காலி கேஸ் சிலிண்டர் மிதக்கும். கட்டி வைக்காவிட்டால் மற்ற சாமான்களில் இடித்துக்கொண்டு திரியும்.

முழங்கால் அளவு தண்ணீரில் நடக்க நேர்ந்தால் கையில் கம்பு வேண்டும். மூடி போன பாதாளச் சாக்கடையும் புதிதாகத் தோண்டிய மழைநீர் வடிகால் பள்ளமும் மேலே பார்த்தால் தெரியாது. அறுந்த மின்கம்பி இன்னும் மோசம்.

வடிந்த பிறகு

சேற்றைக் கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் நனைந்த பொருட்களையும் படம் எடுத்துக்கொண்டால் காப்பீட்டுக்கு உதவும். முழுகிய வண்டியின் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசைதான் எஞ்சினைக் கெடுக்கிறது. இழுத்துக்கொண்டு போவதே வழி. காலில் புண்ணோடு சேற்றில் நின்றவர்களுக்கு எலிக் காய்ச்சல் வர வாய்ப்புண்டு, காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரசின் நிவாரணத் தொகை 2015இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தோருக்கு 10,000; 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000. ஒரு மெத்தையும் ஒரு பீரோவும் வாங்கினால் தீர்ந்துவிடும் பணம்.

2021 சென்னை வெள்ளத்துக்குப் பின், வெள்ளத் தடுப்புக்கு வழி சொல்ல ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு 2023இல் அறிக்கை தந்தது. மழைநீர் வடிகால்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஆனால் வடிகால் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஏரியோ சதுப்போ மிஞ்சியிருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மனையோ வீடோ வாங்குவோர் பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் வருவாய்த் துறையின் பழைய ‘அ’ பதிவேட்டையும் பார்த்துவிட வேண்டும். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு எது என்பது அதில் சர்வே எண்ணோடு எழுதியிருக்கும். மழைக் கால உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913. இந்த எண்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் எழுதி, சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.