கோர்தோபா: ஆற அமர ஒரு நாள்

ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் கோர்தோபாவுக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்குவார்கள். செவியாவிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரம். வந்து இறங்கி, மெஸ்கித்தாவின் சிவப்பு வெள்ளை வளைவுகளை நாலு படம் எடுத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். முதல் தடவை எனக்கும் அரை நாள்தான் கிடைத்தது. இரண்டாம் தடவை முழுதாக ஒரு நாள் கிடைத்தது. அதே இடங்கள், அதே கட்டடங்கள். ஆனால் இந்த முறை மனதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. இத்தனை ஆட்சிகள் மாறிய ஊரில் இவையெல்லாம் எப்படி மிஞ்சின?

முதலில் சுருக்கமாக வரலாறு. ரோமானியர் காலத்தில் இது பேட்டிகா மாகாணத்தின் தலைநகர். பிறகு விசிகோத்துகள் வந்தார்கள். 711இல் முஸ்லிம் படைகள் வந்தன. 756இல் உமையா வம்சத்து முதலாம் அப்துர் ரஹ்மான் இங்கே தனி ஆட்சி அமைத்தார். 929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலீபாவாக அறிவித்துக்கொண்டார். 1031இல் கலீபா ஆட்சி சிதறியது. 1236இல் காஸ்தில் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ ஊரைப் பிடித்தார். அவ்வளவுதான், இனி நடக்கலாம்.

பாலம்

குவாடல்கிவிர் ஆற்றின் மேல் நிற்கும் ரோமானியப் பாலத்தில் 16 வளைவுகள். பெயர்தான் ரோமானியப் பாலம். அதில் ரோமானியர் கட்டிய பகுதி கொஞ்சம்தான் மிச்சம். முஸ்லிம் ஆட்சியில் பழுது பார்த்தார்கள், கிறிஸ்தவ ஆட்சியிலும் பழுது பார்த்தார்கள். 1651இல் நடுவில் புனித ரஃபேல் சிலையை வைத்தார்கள். காரணம் எளிது. 1953இல் இன்னொரு பாலம் வரும் வரைக்கும் ஊரில் இருந்தது இந்த ஒரே பாலம்தான்! எந்த மதத்துக்காரர் ஆண்டாலும் ஆற்றைக் கடந்துதானே ஆக வேண்டும்? தேவைப்பட்டதால் பிழைத்தது.

மெஸ்கித்தா

பாலத்தின் மறுகரையில் பெரிய மசூதி. இன்று அது கதீட்ரல். முதலாம் அப்துர் ரஹ்மான் 780களில் கட்டத் தொடங்கினார். பழைய ரோமானிய, விசிகோத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தத் தூண்கள் குட்டையானவை, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இவ்வளவு பெரிய கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் மூச்சு முட்டும். அதனால் ஒரு வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு என்று இரண்டடுக்காக எழுப்பினார்கள். உலகமே வியக்கும் அந்த அழகு, தூண் உயரம் போதாத குறையைச் சமாளிக்கப் பிறந்தது!

அவசரமில்லாமல் நடந்தால் ஒவ்வொரு விரிவாக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. இரண்டாம் அல்-ஹகம் 960களில் கட்டிய பகுதியில் மிஹ்ராபின் மொசைக் ஜொலிக்கிறது. அதற்குக் கலைஞரையும் மொசைக் துண்டுகளையும் பைசாந்தியப் பேரரசர் அனுப்பினார் என்று நாளாகமங்கள் சொல்கின்றன. அல்மன்சூர் 987 வாக்கில் தொடங்கிய பகுதியில் வளைவுகளை உற்றுப் பாருங்கள். பழைய பகுதியில் சிவப்பு என்றால் நிஜமான செங்கல். இங்கே முழுவதும் கல், சிவப்பு வெறும் வண்ணப்பூச்சு! தெற்கே ஆறு இருந்ததால் கிழக்குப் பக்கமாக விரித்தார்கள். அதனால் மிஹ்ராப் நடுவிலிருந்து விலகிப்போனது.

இதே அல்மன்சூர்தான் 997இல் சந்தியாகோ தே கம்போஸ்தேலாவைச் சூறையாடி, அங்கிருந்த தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார் என்றும், 1236இல் பெர்னாண்டோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார் என்றும் பழைய நாளாகமங்கள் எழுதியிருக்கின்றன. ஆக, இந்த ஊரில் எல்லோரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தார்கள் என்று கதை விடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் பெர்னாண்டோ மசூதியை இடிக்கவில்லை. கதீட்ரலாக அர்ப்பணித்து அப்படியே பயன்படுத்தினார். செவியாவில் வேறு மாதிரி நடந்தது. 1401இல் அங்கே புது கதீட்ரல் கட்ட முடிவெடுத்து, தொழுகைக் கூடத்தை இடித்தார்கள். மினாரின் கோபுரமும் முற்றமும்தான் மிச்சம். கோர்தோபாவில் ஏறத்தாழ 300 ஆண்டுகள் சில மாற்றங்களோடு அந்தத் தூண்களுக்கு நடுவிலேயே பூசை நடந்தது. 1371இல் முடிந்த அரச சிற்றாலயத்தைக்கூட முஸ்லிம் கலை மரபில்தான் அலங்கரித்திருக்கிறார்கள்.

1523

எனக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஆயர் அலோன்சோ மன்ரிக்கே, கூடத்தின் நடுவில் தூண்களை அகற்றிவிட்டு உயரமான புது கதீட்ரல் எழுப்ப விரும்பினார். ஊர் மக்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நகர சபை எதிர்த்தது. இந்த வேலையில் கை வைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்றே ஆணை போட்டது! இதை இடித்தால் இதே நேர்த்தியில் மறுபடி கட்ட முடியாது என்பது அவர்கள் வாதம்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சபையில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்புதான் கிரனாடா வீழ்ந்தது, யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தினார்கள். அந்தச் சூழலில் ஒரு மசூதிக் கட்டடத்துக்காக ஆயரையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள்.

வழக்கு மன்னர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எர்னான் ரூயிஸ் வேலையைத் தொடங்கினார், அவர் மகனும் பேரனும் தொடர்ந்தார்கள். எல்லாம் முடிய 1607 ஆனது. பிற்பாடு நேரில் வந்து பார்த்த மன்னர், எங்கும் கிடைக்காததை அழித்து எங்கும் கிடைப்பதைக் கட்டிவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அதே மன்னர்தான் அல்ஹம்ப்ராவுக்குள் தனக்கொரு அரண்மனை எழுப்பினார்!

இத்தனைக்கும் அந்தக் கதீட்ரல் பகுதி அழகாகத்தான் இருக்கிறது. வெளியே மணிக்கோபுரத்துக்குள் பத்தாம் நூற்றாண்டு மினாரின் உடல் இன்னும் ஒளிந்திருக்கிறது. 1589 புயலில் அது சேதமானபோது முழுதாக இடிக்காமல், சுற்றிப் புதுச் சுவர் எழுப்பினார்கள்.

ஜெப ஆலயம்

மதியம் சல்மொரேஹோ (தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கூழ் மாதிரி ஒன்று) சாப்பிட்டுவிட்டு யூதர் தெருவுக்குள் நடந்தால், அங்கே 1315இல் கட்டிய ஒரு சின்ன ஜெப ஆலயம். பக்கத்துச் சதுக்கத்தில் தத்துவ மேதை மைமோனிடிஸ் சிலை இருப்பதால் அவர் இங்கே வழிபட்டார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. 1148இல் அல்மொஹத்கள் ஊரைப் பிடித்தபின் அவர் குடும்பமே வெளியேறிவிட்டது. ஆலயம் வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

1492க்குப் பிறகு இந்தக் கட்டடம் வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையானது. பிறகு செருப்புத் தைப்பவர்கள் சங்கத்தின் சிற்றாலயமானது. சுவரில் பூசிய சாந்து 1884இல் உதிர்ந்தபோது உள்ளே எபிரேய எழுத்துகள் தெரிந்தன. அடுத்த ஆண்டே தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். மறைக்கப் பூசிய சாந்தே பல நூற்றாண்டு அந்த எழுத்துகளுக்குக் கவசமாக இருந்திருக்கிறது.

யாருடையது?

2006இல் கோர்தோபா மறைமாவட்டம் மெஸ்கித்தாவைத் தன் பெயரில் பதிவு செய்தது. செலவு 30 யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. இது பொதுச் சொத்தா, திருச்சபைச் சொத்தா என்ற சண்டை அப்போதிலிருந்து சூடு பிடித்தது. 1236 முதல் இங்கே வழிபடுகிறோம் என்கிறது திருச்சபை. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பயன்படுத்தியிராவிட்டால் இந்தத் தூண்கள் நிலைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஆனால் பயன்படுத்துவது மட்டும் போதாது. பயன்படுத்தியவர்கள்தானே நடுவில் இடிக்கவும் செய்தார்கள்? 2025 ஆகஸ்ட் 8 இரவு தீப்பிடித்து ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்தபோது, சாமி கும்பிடுகிறவர்கள் மட்டுமா பதறினார்கள்? ஊரே பதறியது, எங்கெங்கோ இருந்தவர்களும் பதறினார்கள்.

என்னைக் கேட்டால், பத்திரத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். 1523இல் நகர சபை கேட்ட கேள்வியை யார் கேட்கிறார்களோ, கட்டடத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு: இது போனால் திரும்ப வருமா? அந்தச் சபை வழக்கில் தோற்றுவிட்டது. ஆனாலும் வேறொருவர் கட்டியதைத் தம்முடையதாக நினைத்து நின்ற அந்த மனிதர்களை, அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடமாவது நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?