மஜ்மா நகர் மண்ணும் நிலத்தடி நீர் வாதமும்

2021 மார்ச் 5ஆம் திகதி முதல் ஒரு வருட காலம், கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் இலங்கையின் பல மூலைகளிலிருந்தும் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. மொத்தம் 3,634 உடல்கள். 2,992 பேர் முஸ்லிம்கள். 287 இந்துக்கள், 270 பௌத்தர்கள், 85 கிறிஸ்தவர்களும் அதே மண்ணில்தான் கிடக்கிறார்கள். இந்த மையவாடி ஏன் உருவானது என்று கேட்டால் இனவாதம் என்ற பதில் உடனே வரும். பதில் பிழையில்லை. ஆயினும் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி கொரோனா உடல்களின் எரிப்பைக் கட்டாயமாக்கிய வர்த்தமானிக்கு நியாயமாகச் சொல்லப்பட்டது இனமல்ல, நீர். புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். அந்த வாதத்தை அதன் சொந்தத் தராசிலேயே நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

நிலத்தடி நீர் உண்மையாகவே நஞ்சானால் எப்படியிருக்கும் என்பதைப் பசிபிக் பவளத்தீவுகள் காட்டுகின்றன. 1946இல் பிகினி பவளத்தீவின் மக்கள் 167 பேரை வெளியேற்றிய அமெரிக்கா, 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுச் சோதனைகளை நடத்தியது. அந்தப் பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனால் தென்னையும் தாழையும் அதற்குப் பதிலாக சீசியம்-137ஐ உறிஞ்சி இளநீரிலும் காயிலும் சேர்த்துவிடுகின்றன. சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 வருடம். நஞ்சுக்குப் பெயர் உண்டு, பாதை உண்டு, அளக்கக் கருவி உண்டு. அப்படியிருந்தும் ஆபத்தில்லை என்று சொல்லித்தான் பிகினிக்காரர்களைத் திரும்ப அழைத்தார்கள்; உடம்பில் சீசியம் ஏறியது தெரிந்ததும் 1978இல் மறுபடி ஏற்றிச் சென்றார்கள். மார்ஷல் தீவுகளின் இன்னொரு பவளத்தீவான எனிவெடொக்கில் 73,000 கன மீற்றர் கதிரியக்கக் கழிவை ரூனிட் தீவின் வெடிகுழியில் கொட்டி மேலே கொங்கிரீட் மூடி போட்டார்கள். அடியில் எதுவும் போடவில்லை. கடல் ஏறி இறங்க, குழிக்குள் நீரும் ஏறி இறங்குகிறது.

இலங்கையில் இதற்கு நேர் எதிர். எவரும் எதையும் அளந்து காட்டவில்லை; அடக்கத்துக்குத் தடை மட்டும் வந்தது. உயிருள்ள கலம் இல்லாமல் பெருகமுடியாத வைரஸ், ஆறடி மண்ணுக்குக் கீழிருந்து கிணற்றை எட்டும் வழி என்ன என்பதைத் தடைக்கு வாதாடியவர்கள் காட்டவேயில்லை. 2020 மார்ச்சில் யாருக்கு என்ன தெரியும், முன்னெச்சரிக்கை தவறா என்று கேட்கலாம். சில வாரங்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. நோயாளியின் மலத்தில் வைரஸின் தடயம் வெளியேறுவதும் அப்போதே தெரிந்த விடயம். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கும் நாட்டில் அதைப்பற்றி எந்த வர்த்தமானியும் வரவில்லை. மையித்துக்கு மட்டும் வந்தது.

சரி, 2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி கொடுத்தார்களே என்றால், அந்த அனுமதியே வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறது. வைரஸும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது, பாகிஸ்தான் பிரதமர் வந்துபோயிருந்தார். அடக்கும் இடமாக முதலில் இரணைதீவைச் சொன்னார்கள். அங்கிருந்து 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் ஊர் திரும்பிய மீனவர்கள் எதிர்த்தார்கள், பிறகு ஓட்டமாவடி. நீருக்கு உண்மையில் ஆபத்து என்றால் நாட்டின் ஜனாஸாக்களை ஒரே இடத்தில் குவிப்பதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. ஆபத்து இல்லையென்றால் பேருவளையில் மௌத்தான ஒருவரை அவருடைய ஊர் மையவாடியிலேயே அடக்கியிருக்கலாம். இரண்டில் எதை எடுத்தாலும் மஜ்மா நகருக்குக் காரணம் கிடைக்காது. பசிபிக்கில் அளந்த நஞ்சை மறைத்தார்கள், இங்கே அளக்காத நஞ்சைச் சட்டமாக்கினார்கள். இரண்டு இடத்திலும் விலை கொடுத்தவர்கள், முடிவெடுத்த மேசையில் இடமில்லாதவர்கள்.

2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. பாதுகாப்பான அடக்கத்தால் நீர் மாசுபடவில்லை என்ற ஆய்வு முடிவுகளும் அப்போது மேற்கோள் காட்டப்பட்டன. எந்த அளவீட்டை வைத்து முதலில் தடை விதித்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த மன்னிப்பில் பதில் இருக்கவில்லை.