குளிரைக் காத்த சுவர்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பனிமலையோ உறைந்த ஏரியோ நாம் கண்டதில்லை. இயற்கை தரும் குளிரைக் கொண்டு உணவைக் கெடாமல் காப்பதைப் பற்றி இங்கே அமர்ந்து எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் விளைந்ததைக் காத்துவைக்கும் கலை நமக்குப் புதிதன்று. அந்தக் கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், குளிரைவிட இன்றியமையாத ஒன்று அதில் மறைந்திருப்பதைக் காண்கிறோம்.

நம் வெங்காயப் பட்டறையிலிருந்தே தொடங்குவோம். சின்ன வெங்காய விளைச்சலில் தமிழகத்தில் முன்னிற்கும் மாவட்டங்களுள் பெரம்பலூர் ஒன்று. செட்டிகுளம் பக்கம் செல்வோர் வயலோரங்களில் பட்டறைகளைக் காணலாம். தரையிலிருந்து சற்று உயர்த்திய அடித்தளம், காற்று நுழையும்படி இடைவெளி விட்ட பக்கங்கள், மேலே வெயிலும் மழையும் படாதபடி ஓலைக் கூரை. அறுவடை செய்த வெங்காயத்தை நன்கு உலர்த்தி அதனுள் இட்டு வைத்தால் சில மாதங்கள் தாங்கும். மின்சாரம் ஒரு துளியும் செலவில்லை. வெங்காயத்தின் பகை ஈரம் என்பதை அறிந்த உழவன், காற்றையே காவலாக நிறுத்தினான். பகையை அறிந்து அதற்கேற்ற சுவரை எழுப்புவதே காக்கும் கலையின் முதற்பாடம்.

பனிக்கட்டியின் பகை வெப்பம். அந்தப் பகையை வெல்லவும் நம் நாட்டார் வழி கண்டிருந்தனர். வட இந்தியச் சமவெளியில், அலகாபாத் போன்ற இடங்களில், பனிக்கட்டி செய்யும் முறையை 1775இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் விவரித்து எழுதினார். திறந்த வெளியில் ஆழமற்ற பள்ளங்கள் தோண்டி, கரும்புத் தட்டையையும் சோளத் தட்டையையும் கனமாகப் பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண்தட்டுகளை வரிசையாக வைத்து, மாலையில் கொதித்து ஆறிய நீரை ஊற்றுவார்கள். காற்றுநிலை நீரை உறையச் செய்யும் அளவுக்குக் குளிராத இரவுகளிலும், விடியுமுன் தட்டுகளில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். நீரின் வெப்பத்தில் ஒரு பகுதி மேகமற்ற வானை நோக்கி வெளியேறிவிடும். ஒரு பகுதி நீர் ஆவியாகையில் கழியும். நிலத்தின் வெப்பம் மேலேறாதபடி தட்டைகள் தடுத்துவிடும். விடியற்காலையில் அந்தக் கட்டிகளைத் திரட்டி, வைக்கோல் முதலியவற்றால் காப்பிட்ட ஆழ்குழியில் இட்டுக் கோடைக்கென வைத்தனர்.

கடல் கடந்து வந்த குளிர்

தென்னாட்டில் இந்த முறைக்கும் வழியில்லை. நம் இரவுகள் அத்தனை குளிர்வதில்லை. இங்கே பனிக்கட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர், அந்நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்க 1806இல் முனைந்தார். முதலில் இழப்பும் ஏளனமுமே கிடைத்தன. அவர் மனந்தளரவில்லை. 1833இல் டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து கல்கத்தாவை அடைந்தபோது, சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது!

இஃது எவ்வாறு இயன்றது? மரத்தூள் ஒரு விடை. மர அறுவை ஆலைகள் வீணென ஒதுக்கிய தூளைக் கட்டிகளைச் சுற்றித் திணித்தனர். தூளுக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இன்னொரு விடை பனிக்கட்டியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகுவதற்கு வேண்டிய வெப்பம், அதே ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. அத்துணை வெப்பம் உள்ளே புகும்வரை அது தன் நிலையை விடாது. சீராக வெட்டிய கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கினால், வெப்பம் தாக்கும் புறப்பரப்பும் குறைகிறது. பிற்காலக் கப்பல்கள் பனிக்கட்டியோடு ஆப்பிளையும் கொண்டுவந்து கல்கத்தாவில் விற்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் கப்பலே ஒரு குளிர்சாதனப் பெட்டியாயிற்று.

சென்னைக் கடற்கரையில் 1842இல் டியூடரின் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. கப்பலில் வந்த கட்டிகள் படகுகளுக்கு மாறி, கரையேறி, அதன் தடித்த சுவர்களுக்குள் அடைக்கலம் புகுந்தன. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் இன்றும் வழங்கும் பெயர் அவ்வாறு வந்தது. அங்கே குளிர்ந்தது யார் தாகம்? பெரும்பாலும் ஐரோப்பியர், செல்வந்தர் ஆகியோரின் தாகமே. காய்ச்சலுற்றோர் சிலரின் நெற்றிக்கும் அந்தக் குளிர்ச்சி பயன்பட்டது. கட்டியைத் தலையில் சுமந்து கரைசேர்த்த கூலியாளுக்கு, வழிந்த நீர்தான் மிச்சம்.

1870களில் நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யும் ஆலைகள் தோன்றவே, கடல்வழி வாணிகம் படுத்தது. கிடங்கை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், தாழ்வாரங்களும் சாளரங்களும் அமைத்து அதனைக் குடியிருப்பாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பின்னர், சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் கைம்பெண்களுக்கான இல்லம் அந்தக் கட்டடத்தில் இயங்கியது. சாகிபுகளின் பனிக்கட்டியைக் காக்க எழுந்த சுவர்கள், உலகம் ஒதுக்கிய சிறுமிகளைக் காத்து அவர்களுக்குக் கல்வியும் தந்தன. 1963இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் மறைந்துவிட்டன. இஃது ஒன்றே நிற்கிறது.

சுகாதார நிலையத்தின் பெட்டி

அந்தப் பழைய அறிவு இன்று எங்கே வாழ்கிறது? நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியைப் பாருங்கள். அதன் உட்சுவரைச் சுற்றிலும் பனிக்கட்டி உறையும்படி அமைத்திருக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்போது நீர் உறைகிறது. நின்றபின் அந்தப் பனிக்கட்டி மெல்ல உருகி, உள்ளே 2 முதல் 8 பாகை வரையிலான குளிரைக் காக்கிறது. நாளில் 8 மணிநேரம் மின்சாரம் கிடைத்தால் போதும். மூடி மேற்புறம் இருப்பதற்கும் பொருளுண்டு: குளிர்ந்த காற்று கனமானது, மேலே திறந்தால் கீழே கொட்டிவிடாது. டியூடரின் கிடங்கு சுருங்கி ஒரு பெட்டியானதைப் போலன்றோ இருக்கிறது! 2021இல் கொரோனாத் தடுப்பூசி சிற்றூர்களுக்குப் பரவியபோது இத்தகைய பெட்டிகளே கைகொடுத்தன.

அங்கிருந்து கிராமச் செவிலியர், நான்கு பனிக்கட்டிப் பொதிகள் வைத்த சிறு பெட்டியில் மருந்தை எடுத்துச் செல்கிறார். சில மருந்துகள் உறைந்தால் பயனற்றுவிடும். ஆகவே பொதிகளைச் சற்று நேரம் வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீரின் ஓசை கேட்கும்வரை காத்திருந்து பிறகே அடுக்குகிறார். அறுவடைக் காலத்து வெயிலில் கிடைக்கும் பனியின் குளிர்ச்சிக்கு நம்பத்தக்க தூதரை ஒப்பிடுகிறது நீதிமொழிகள் நூல். உச்சி வெயிலில் குன்னம், செந்துறைப் பக்கத்துச் சாலைகளில் அந்தப் பெட்டியோடு செல்லும் செவிலியரைக் காணும்போது, அவ்வுவமை நமக்கு முழுமையாக விளங்குகிறது. பனிக்கட்டிக் கிடங்கின் குளிர் பணம் கொடுத்தவர்க்கு. இந்தப் பெட்டியின் குளிரோ எல்லார் வீட்டுக் குழந்தைக்கும் விலையின்றி.

இந்த அறிவு உழவனின் வாசலுக்கும் வரவேண்டும் என்பதே நம் ஆதங்கம். காத்துவைக்க இயன்றவன் விலைக்குக் காத்திருக்கலாம். இயலாதவன் அறுவடை நாளிலேயே, எல்லாரும் விற்கும் அதே நாளில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறான். சில மாதம் கழித்து, கடன் வாங்கி அதே வெங்காயத்தை விதைக்காகக் கூடிய விலையில் வாங்குவோரும் உண்டு. ஓலைக் கூரையிட்ட ஒரு பட்டறைக்குக்கூட இடமோ பொருளோ இல்லாத குத்தகைதாரர் நம் பங்குகளில் எத்தனை பேர்!

பெரிய ஆலை எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வெங்காயத்துக்கு உலர்ந்த காற்றோட்டமுள்ள பொதுப் பட்டறை. பாலுக்கும் காய்கறிக்கும் மீனுக்கும் தடித்த காப்புச் சுவரும், மின்சாரம் வரும் வேளையில் உறைந்து மற்ற வேளையில் குளிரைத் தாங்கும் பனிக்கட்டியும் கொண்ட சிறு அறை. ஊரார் கூடினால் முடியாதவை அல்ல இவை. நம் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் உழவர் குழுக்களும் அடுத்த அறுவடைக்கு முன் ஒரு மாலையேனும் அமர்ந்து இதைப் பேசட்டும். முதலில் எழவேண்டிய கேள்வி ஒன்றே: அந்தச் சுவருக்குள் யாருடைய விளைச்சலுக்கு முதலில் இடம் தருவோம்?