பூதவரி பிறந்த கதை

சிவன் கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் கோட்டத்துத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. சோழர் கோயில்கள் பலவற்றில், சுவர் முடிந்து கபோதம் வெளியே வளையும் இடத்துக்கு அடியில் ஒரு குள்ளர் நாடே குடியிருக்கிறது. தொந்தியும் குட்டைக் காலுமாக ஒருவன் மத்தளம் தட்டுகிறான். ஒருவன் சங்கு ஊதுகிறான். ஒருவன் கூரையைக் கையால் தாங்குகிறான். இன்னொருவனுக்கு வயிற்றிலேயே முகம். இந்த வரிசைக்குப் பூதவரி என்று பெயர்.

சிவகணம் என்று நாம் கும்பிட்டாலும், இந்த உருவத்தின் பூர்விகம் சைவத்துக்கு வெளியேயும் நீள்கிறது. மகாராஷ்டிரத்தின் பிதல்கோரா பௌத்தக் குடைவரையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் குள்ள யட்சன் ஒருவன் கிடைத்தான். தலையில் ஒரு தட்டைச் சுமந்தபடி சிரிக்கிறான். இப்போது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறான். தன்னைச் செதுக்கியவன் கண்ஹதாசன் என்னும் பொற்கொல்லன் என்று அவன்மேலேயே எழுத்து இருக்கிறது. வட ஐரோப்பியப் பழங்கதைகளில் குள்ளர்களே கொல்லர்கள். இடித்தெய்வம் தோரின் சம்மட்டியை அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். இங்கே கொல்லன் குள்ளனைச் செய்தான்.

அடுத்து சாஞ்சி. மேற்குத் தோரணத்தின் உத்திரங்களைத் தொந்திக் குள்ளர்கள் தூக்கி நிற்கிறார்கள். அனுராதபுரத்தில் இந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. அபயகிரித் தூபியின் வாசலில் சங்கநிதியும் பதுமநிதியும் குபேரனின் செல்வத்துக்குக் காவல். அதே ஊரின் பழைய படிக்கட்டுகளிலோ, அதே தொந்தி, அதே குட்டைக் கால் உள்ளவர்கள் படிக்கடியில் குந்திச் சுமை தாங்குகிறார்கள். உடம்பு ஒன்றுதான், உத்தியோகம் வேறு.

கி.பி. 578இல் முடிந்த பாதாமி மூன்றாம் குடைவரையில் இவர்கள் அடித்தளத்தில் வரிசைகட்டினார்கள். பிறகு தமிழ்நாட்டுக் கோயில்களில் கபோதத்துக்கு அடியில் இடம்பிடித்தார்கள். முதற்பராந்தகன் காலத்துப் புள்ளமங்கைக் கோயிலில் அந்த வரிசை உச்சம் தொட்டது.

இருந்தாலும், ஏறியவர்கள் எல்லாரும் ஒரே படியில் நிற்கவில்லை. கூட்டத்துக்குத் தலைவர் கணபதி. அவரும் குட்டையும் தொந்தியும்தான், ஆனால் முதல் பூசை அவருக்கு. நந்திக்கு வாசல் பொறுப்பு. சண்டேசுவரருக்கு நிர்வாகம்; சோழர் காலத்தில் கோயில் நிலத்தின் விற்றல் வாங்கல் அவர் பேரிலேயே நடந்தது. அடித்தட்டில், ஆடுகிறவர் காலடியில், முயலகன். திருவொற்றியூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய அடுக்கு: கேட்டில் ஒருவர், ஆபீசில் கையெழுத்துப் போட ஒருவர், பெர்மனென்ட் சிலர், கான்ட்ராக்ட் பலர்.

பூத உலகத்தில் சாதி இருப்பதை இளங்கோவடிகளும் சொல்லியிருக்கிறார். மதுரை எரியத் தொடங்கியதும் ஊரைக் காத்த நான்கு பூதங்கள் வெளியேறுவது சிலப்பதிகாரத்தின் அழற்படு காதையில் வருகிறது. அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று வருணத்துக்கு ஒன்று. நிறம் வேறு, கோலம் வேறு. வணிகப் பூதத்தின் கையில் கலப்பையும் தராசும். மனிதர்கள் தங்கள் தெருவை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அடியில் இருப்பவனுக்குக் கதையில் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பு சாப்பாடு. மீனாட்சி கல்யாணத்தில் சமைத்தது மிஞ்சிப்போயிற்று என்று பெண் வீட்டார் சொல்ல, சிவன் குண்டோதரன் என்ற குறட்பூதத்தைப் பந்தியில் உட்கார வைத்தார். மலைமலையாக இருந்த சோறு தீர்ந்தது, பசி தீரவில்லை. அன்னக்குழி தோன்றியது, தாகத்துக்கு வைகை வந்தது. காலமெல்லாம் ஏவல் செய்பவனின் பசியை அரண்மனை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தது.

தெய்வத்தைச் செதுக்கும்போது அளவு, முத்திரை, ஆயுதம் எல்லாம் சாத்திரப்படி. பூதவரியில் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால்தான் அங்கே பல்லிளிப்பவன், முறைப்பவன், சிங்கமூஞ்சிக்காரன், தன் பாட்டுக்குக் கூத்தாடுகிறவன் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். பதவி இல்லாதவர்களுக்கே ஆளுக்கொரு குணம் கிடைத்தது.

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரின் தூங்கானை வடிவ விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவ்வூர் மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரின் விருப்பப்படி எழுந்தது. கட்டியவர் இரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. தலைமைத் தச்சனின் பெயராவது கல்லில் ஏறியதே, அதுவே அபூர்வம். அவருக்குக் கீழே கல் இழுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள், உளி தீட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு அந்த வரியில் இடமில்லை. சோழநாட்டு வேலைக்களத்தில் கூலியாட்கள் எப்படிக் குந்தினார்கள், எப்படித் தோள் கொடுத்தார்கள், வேலைக்கு நடுவே என்ன சேட்டை செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தால், சாசனத்தைவிடப் பூதவரியை நம்பலாம்.