கஷாயத்தில் பேசுவது மூலிகையா, நீரா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களில், ஈசானிய லிங்கத்தை நெருங்கும் தறுவாயில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்துவிடும் ஒருவரையேனும் காணாமல் ஊர் திரும்புவது அரிது. "நரம்பு சுண்டி இழுக்குது" என்று அவர் முனகுவார். உடன் வந்தவர் கால் கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பார். ஒருவர் கற்பூரத் தைலம் தேய்க்க, மற்றொருவர் ஓமநீரை நீட்டுவார். இழுப்பது தசையே எனினும், அத்தசையை ஓயாது ஏவுவது பெரும்பாலும் அதற்குச் செல்லும் நரம்பே ஆதலால், ஜனங்களின் வழக்கு முற்றிலும் பிழையன்று. ஆனால் வயிற்றுப் பிடிப்பை இளக்கும் ஓமம் கால் பிடிப்பையும் இளக்கும் என்ற அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும், அதை நிரூபிக்க ஆய்வுக்கூடங்களில் நடக்கும் பரீட்சைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் வேறு விஷயம்.

தசை எதுவாயினும் அது சுருங்குவதற்குக் கால்ஷியமே காரணம். ஓய்வாக இருக்கும் தசையணுவின் உள்ளே உலவும் கால்ஷியம், வெளியே உள்ளதில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த ஏற்றத்தாழ்வு குலையும் கணத்தில் சுருக்கம் பிறக்கிறது. ஆனால் கெண்டைக்கால் தசை தனக்கு வேண்டிய கால்ஷியத்தைத் தன்னுள்ளேயே நுண்பைகளில் சேமித்து வைத்திருந்து, நரம்பின் ஆணை வந்தவுடன் அவற்றின் வாயில்களைத் திறந்துவிடுகிறது; வெளிவந்த கால்ஷியம், ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்த ட்ரோபோனின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. குடல் தசையோ பெரும்பங்கைப் புறத்தேயிருந்து உறைச்சவ்வின் கால்வாய்கள் வழியாகப் பெற்று, கால்மோடுலின் என்னும் வேறொரு புரதத்தின் மூலம் காரியத்தை நடத்துகிறது.

இந்த வேற்றுமையை ஓமத்தின் சாரமாகிய தைமாலைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் பதார்த்தம் வேறில்லை எனலாம். சவ்விலுள்ள கால்ஷியக் கால்வாய்களை அது அடைப்பதால் குடல் இளகுகிறது. எலும்புத் தசையின் இழைகளிலோ, அளவு மிகும்போது, அதே தைமால் உட்பைகளின் வாயிலைத் திறந்து கால்ஷியத்தைக் கொட்டச் செய்வதால் இழை இறுகுகிறது. ஓமநீர் குடித்தவரின் காலை அத்தனை தைமால் சென்று சேராது, ஆகவே அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் குடலில் கண்டதைக் காலுக்கு எழுதிவைப்பது தர்க்கமாகாது. சேலம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கின் ஃபோர்ஸ்கோலினும் இவ்வாறே இருமுகம் உடையது: குழாய்த் தசைகளை இளக்கும் அதுவே, இதயத் தசையில் கால்ஷிய வரவைப் பெருக்கித் துடிப்பை வலுப்படுத்துகிறது.

ஃபோர்ஸ்கோலின் நீரில் கரைவது மிகச் சொற்பம். தைமாலும் ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் அளவே கரையும். ஆகவே இவற்றைக் கரைக்க ஆய்வாளர் சாராயத்தையோ டைமெதில் சல்பாக்சைடையோ நாடுகிறார். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. குடல் துண்டைத் தொங்கவிட்ட உப்புக்கரைசலில் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் கலந்தால், 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 790 மில்லிகிராம் ஆகிறது. வாகனம் ஓட்டுவோர் இரத்தத்தில் நம் நாட்டுச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் 30 மில்லிகிராமைப் போல இது 26 மடங்கு. இவ்வளவு சாராயத்தில் ஊறிய தசை, மூலிகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தளரவே செய்யும். கால்ஷியக் கால்வாய்களைச் சாராயம் தானே தடுக்கவல்லது. டைமெதில் சல்பாக்சைடும், அளவு ஏறினால், சுருங்கும் விசையைக் குறைக்கும். கரைப்பானை மட்டும் சம அளவில் இட்ட மற்றொரு துண்டை அருகில் வைத்து ஒப்பிடாத பரீட்சை, என் மதிப்பில், மூலிகையைப் பற்றி எதுவுமே கூறவில்லை.

"அப்படியானால் நம் முன்னோர் போல் நீரில் காய்ச்சிவிட்டால் தீர்ந்தது" என்று சித்த மருத்துவ அபிமானிகள் சொல்லக்கூடும். நீரும் நிரபராதியன்று. இத்துறையின் ஆதி நிகழ்ச்சியே நீர் செய்த பிழைதான்: 1882இல் லண்டனில் சிட்னி ரிங்கர் உப்புக்கரைசலில் தவளை இதயம் நெடுநேரம் துடித்ததாக எழுதினார், அக்கரைசல் வாலைநீரில் அன்றி, நியூ ரிவர் கம்பெனியின் குழாய்நீரில் தயாரிக்கப்பட்டது என்று மறு வருஷமே ஒப்புக்கொண்டார். வாலைநீரில் கரைத்தபோது இதயம் சீக்கிரமே ஓய்ந்தது. குழாய்நீரில் இருந்த கால்ஷியமே அதை இயக்கியிருந்தது.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கால்ஷிய அளவு லிட்டருக்கு 75 மில்லிகிராம். ஆய்வுக்கூடத்தில் குடல் துண்டைத் தொங்கவிடும் டைரோட் என்னும் உப்புக்கரைசலில் உள்ளதும் ஏறக்குறைய அதுவே, 72 மில்லிகிராம். பாறை பூமியில் தோண்டிய கிணற்றின் கடின நீராயிருந்தால் அதற்கு மேலும் இருக்கும். அதைப் பாத்திரத்திலிட்டு எட்டிலொன்றாய் வற்றக் காய்ச்சினால், சுண்ணத்தில் ஒரு பகுதி வெள்ளைப் படிவமாய் அடியில் தங்க, எஞ்சிய உப்புகள் அனைத்தும் செறிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு இலையும் வேரும் தத்தம் பொட்டாசியத்தை அதில் இறக்குகின்றன. குடல் துண்டை வேண்டுமென்றே சுருங்கவைக்க மருந்தியலார் கையாளும் உபாயமே பொட்டாசியம் மிகுந்த கரைசல்தான். அது சவ்வின் மின்நிலையைக் குலைத்துக் கால்வாய்களைத் திறந்துவிடுகிறது. கஷாயம் விட்டதும் துண்டு சுருங்கினால், 'இம்மூலிகை குடலைத் தூண்டும்' என்று எழுதுமுன், சுருக்கியது எந்த உப்பு என்று கேட்கவேண்டாமா?

ஆகவே கஷாயப் பரீட்சையில் மூன்று கலங்கள் வேண்டும் என்பேன். ஒன்றில் கஷாயம், இரண்டாவதில், அக்கஷாயத்தின் பொட்டாசியத்தையும் கால்ஷியத்தையும் அளந்து அதே அளவில் உப்புகள் மட்டும் சேர்த்த வாலைநீர், மூன்றாவதில், அதே கிணற்றின் நீரை, அதே பாத்திரத்தில், அதே நெருப்பில், மூலிகை ஏதுமின்றி எட்டிலொன்றாய் வற்றவைத்தது.