காயில் இழுக்கும் சுவிட்சும் சிலிக்கான் சுவிட்சும்

வட அமெரிக்காவில் வீட்டின் நிலவறையில் விளக்குப் போட்டுச் செடி வளர்ப்பவர்கள் 'ஹை வோல்டேஜ்' என்று சொல்வது 240 வோல்ட்டைத்தான். அங்கே சாதாரண சுவர்ப் பிளக்கில் வருவது 120 வோல்ட். 1000 வாட் சோடியம் விளக்கு, அதன் இரும்புச் சோக்கையும் சேர்த்துச் சுமார் 1100 வாட் இழுக்கும். 120 வோல்ட்டில் அது ஒன்பது ஆம்பியருக்கு மேல். 240 வோல்ட்டில் பாதி. அப்போதும் நான்கு விளக்குகளுக்கு 18 ஆம்பியரைத் தாண்டும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடரும் சுமைக்கு பிரேக்கரின் அளவில் 80 சதவீதம்தான் வரம்பு என்கிறது அமெரிக்க மின் விதி. 30 ஆம்பியர் பிரேக்கரில் 24 ஆம்பியர்.

இவ்வளவு சுமையைக் கடையில் விற்கும் சிறு டைமர் வழியாக நேராக விடக்கூடாது. டைமர் ஆணை கொடுத்தால் போதும், மின்சாரத்தைச் சுமக்க இன்னொன்று வேண்டும். அது கான்டாக்டரா, சாலிட் ஸ்டேட் ரிலேயா என்பதே வீட்டில் விளக்குக் கன்ட்ரோலர் கட்டுபவர் எடுக்கவேண்டிய முதல் முடிவு.

கான்டாக்டரில் காயில் காந்தமாகி முனைகளை இழுத்துச் சேர்க்கிறது. காயிலுக்குச் சிறிதளவு மின்சாரம் போதும் என்பதால் டைமர் சூடேறாது. 'டக்' என்ற சத்தம் வரும், முனைகள் நாளடைவில் தேயும். சாலிட் ஸ்டேட் ரிலேயில் அசையும் பாகமே இல்லை. சத்தமும் தேய்மானமும் இல்லை. ஆனால் அதன் சிலிக்கானில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் விழுகிறது. 18 ஆம்பியர் ஓடினால் இருபது வாட்டுக்குக் குறையாத வெப்பம், அதுவும் மூடிய பெட்டிக்குள். தகுந்த ஹீட் சிங்க் இல்லாமல் அது நீடிக்காது.

என்னைக் கான்டாக்டர் பக்கம் சாய்ப்பது வெப்பம் அல்ல. அமெரிக்க 240 வோல்ட்டில் நியூட்ரல் கிடையாது. இரண்டு கம்பியும் லைவ், ஒவ்வொன்றும் எர்த்துக்கு 120 வோல்ட். ஒற்றை ரிலே ஒரு கம்பியைத்தான் வெட்டும். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். அணைந்த ரிலே வழியாகவும் சில மில்லி ஆம்பியர் கசியும். இரு முனைக் கான்டாக்டர் இரண்டு கம்பியையும் ஒரே இழுப்பில் பிரித்துவிடும்.

பழுதாகும் விதமும் வேறு. சிலிக்கான் ரிலே செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகி, விளக்கு எரிந்தபடியே இருக்கும். செடிகள் பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்பதை 1920-ல் கார்னரும் அல்லார்டும் வெளியிட்ட ஆய்விலிருந்து அறிகிறோம்; சாமந்தி போன்ற குறும்பகல் செடிகளுக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அவை பூக்காது. கான்டாக்டரின் காயில் எரிந்தால் விளக்கு அணைந்துபோகும், உடனே கண்ணில் படும். முனைகள் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு; அதனால் மோட்டாருக்கான ஏ.சி.-3 அளவை மட்டும் பார்த்து வாங்காமல், சோக் விளக்குகளுக்கென்றே உள்ள ஏ.சி.-5ஏ அளவைப் பார்க்கவேண்டும்.

எல்.இ.டி. வந்தபிறகு கணக்கு கொஞ்சம் மாறுகிறது. டிரைவரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், சுவிட்ச் போட்ட நொடியின் துளியில் பல பத்து ஆம்பியரை உறிஞ்சும். வோல்ட்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் தருணத்தில் இணைக்கும் ரிலே அந்தப் பாய்ச்சலை அடக்குகிறது. கான்டாக்டருக்கு அந்தத் திறன் இல்லை. அதே பூஜ்யத் தருணம் இரும்புச் சோக்குக்கு மோசமானது, இரும்பு காந்தத்தால் நிறைந்து மின்சாரம் எகிறும். ஆகவே சோக் விளக்குகளுக்குக் கான்டாக்டர், எல்.இ.டி.க்கு ரிலே வைப்பதானால் இரண்டு கம்பிக்கும் ஒவ்வொன்று.

எதை வைத்தாலும் பெட்டி எர்த் செய்த உலோகப் பெட்டியாக, செடிகளின் ஈரத்துக்கு வெளியே இருக்கட்டும். பேனலில் இணைப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பெட்டியைத் திறக்குமுன் பிரேக்கரை இறக்கி, இரண்டு கம்பியையும் தனித்தனியே எர்த்துக்கு மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். சோக்கோடு உள்ள கெப்பாசிட்டரில் அதற்குப் பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.